கிரவுனுக்கு 90 ஆயிலா, 140 ஆயிலா? ஏற்காடு ஏறி இறங்கும் ஜீப்

நாகலூர்க்காரன்:
டூ வீல் டிரைவ் பழைய டீசல் ஜீப். வாரத்தில் மூன்று நாள் ஏற்காட்டிலிருந்து சேலம் போய் வரும், இறங்கும்போது பெரும்பாலும் மிளகோ காப்பியோ மூட்டை இருக்கும். ஒரு மாதமாகப் பின்னால் கிரவுனிலிருந்து (பின் அச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) ‘ஊஊ’ என்று சத்தம். ஆக்சிலேட்டர் மிதித்தால் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கும்போதுதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் இன்னும் கெட்டியான 140 ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும் என்கிறார். கடைக்காரர் கொடுத்தது 80டபிள்யூ-90, டப்பாவில் ஜிஎல்-4 என்று தரக்குறி இருக்கிறது, கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் இதுவே போதுமாம். மேனுவலை எலி பாதி தின்றுவிட்டது. எதை ஊற்ற?

அடிவாரம் ஒர்க்‌ஷாப்:
தம்பி, அந்த டப்பாவைக் கியர்பாக்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்க, கிரவுனுக்கு வேண்டாம். கிரவுனில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், பெரிய பல்சக்கரத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லும் பல்லும் உருளுவது மட்டுமில்லை, ஒன்றின்மேல் ஒன்று இழுபட்டு வழுக்கவும் செய்யும், ஆயில் படலத்தை வழித்து எடுத்துவிடும். அதைத் தாங்கத்தான் அடுத்த தரமான ஜிஎல்-5இல் கந்தக, பாஸ்பரஸ் மருந்து அதிகம். அதே மருந்து கியர்பாக்ஸில் இருக்கிற பித்தளை சிங்க்ரோ வளையத்தை (கியர் சத்தமில்லாமல் விழ உதவுவது) அரிக்கலாம், ஆகவே இரண்டுக்கும் ஒரே டப்பா என்கிற பேச்சை நம்பாதீங்க.
காலை எடுத்தால் சத்தம் என்றால் எனக்குப் பினியன் பேரிங் மேல்தான் சந்தேகம். ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, பினியன் பிளேஞ்சை (கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் மாட்டுகிற தட்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் 140 ஊற்றுவது சத்தத்துக்குப் போர்வை போர்த்துவது மாதிரிதான், உள்ளே தேய்மானம் தேய்ந்துகொண்டே இருக்கும்.

லோடு வண்டி:
140 மேல் இவ்வளவு கோபம் வேண்டாம் அண்ணா. 100 டிகிரியில் 90 ஆயில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 140 என்றால் 24க்கு மேல். மே மாத வெயிலில் மூட்டையோடு ஓடுகிற வண்டிக்கு, கம்பெனி அனுமதித்திருந்தால் 85டபிள்யூ-140 ஜிஎல்-5 தப்பில்லை. டபிள்யூ போட்ட எண் குளிருக்கானது; ஏற்காட்டுக் குளிருக்கு 80டபிள்யூவே தாராளம், அது மைனஸ் 26 டிகிரிக்கான கணக்கு. அப்புறம், 90 என்றதும் இன்ஜின் ஆயில் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்காதீங்க, அது வேறு அளவுகோல், கிட்டத்தட்ட அதே கெட்டிதான்.

அடிவாரம் ஒர்க்‌ஷாப்:
சரி, கம்பெனி அனுமதித்தால். இவர் மேனுவல்தான் எலி வயிற்றில் இருக்கே.
இன்னொன்று: முதலில் மேலே ஊற்றுகிற பிளக்கைக் கழற்றுங்க, அது துருப்பிடித்துக் கழலாவிட்டால் பழைய ஆயிலையும் இறக்கிவிட்டு வண்டியை நடுத்தெருவில் நிறுத்தணும். ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு இறக்குங்க. ஓட்டையின் கீழ் விளிம்பில் வழிகிற வரை போதும். அதிகமானால் வீல் சீல் வழியாகப் பிரேக் ஷூவில் இறங்கும், மலையில் அது விளையாட்டில்லை. கிரவுன் ஹவுசிங் மேலே இருக்கிற பிரீதரையும் (உள்ளே காற்று போய்வரும் துளை) ஊதிப் பாருங்க.

நாகலூர்க்காரன்:
80டபிள்யூ-90 ஜிஎல்-5 வாங்கி மாற்றிவிட்டேன். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைதான், துண்டு எதுவும் இல்லை. பிரீதர் செம்மண்ணால் முழுக்க அடைத்திருந்தது. சத்தம் அப்படியே. பிளேஞ்ச் லேசாக ஆடுகிறது. திங்கட்கிழமை மூட்டை ஏற்றாமல் இறங்கி வருகிறேன் அண்ணா, இடம் வையுங்க.

அடிவாரம் ஒர்க்‌ஷாப்:
காலையிலேயே வாங்க. ஆயிலை மறுபடி இறக்கணும், சுத்தமான கேன் ஒன்று எடுத்து வாங்க.