'ப்ரோப்' என்பதற்குத் 'துழாவல்': இணைத்துறை வருடிகளை முன்வைத்து ஒரு பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸில் பழைய வருடிகளை, அதாவது ஸ்கேனர்களை, அமைப்பது பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதும்போது, 'ப்ரோப்' (probe), 'டிடெக்ட்' (detect) ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'கண்டறிதல்' என்ற ஒரே சொல் போதும் என்னும் கருத்து நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளது. யூஎஸ்பி வருடிகளை மட்டும் பேசும் கையேடாக இருந்தால் நானும் இதற்கு உடன்பட்டிருப்பேன். ஆனால் 25 முனைகள் கொண்ட இணைத்துறையில், அதாவது பேரலல் போர்ட்டில், செருகும் வருடிகளைப் பற்றி எழுதும்போது இந்த ஒரே சொல் வாசகரைத் தவறான இடத்திற்கு அழைத்துச் செல்லும் என்பது என் உறுதியான எண்ணம்.

யூஎஸ்பி கருவி ஒன்றைச் செருகியதும், இயங்குதளத்தின் கருவான கெர்னல் கேட்டவுடன் அது தன் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் தெரிவித்துவிடுவதால், கெர்னல் அதைப் பதிந்துகொண்டால் போதும். இணைத்துறை அப்படிப்பட்டதன்று. எட்டுத் தரவுக் கம்பிகள், ஐந்து நிலைக் கம்பிகள், நான்கு கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஆகியவற்றின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதைத் தவிர அந்தத் துறைக்கு வேறெதுவும் தெரியாது. 1994-இல் இணைத்துறைக்கென வந்த ஐஇஇஇ 1284 தரம், கருவி தன் அடையாளத்தைச் சொல்வதற்கு ஒரு வழியை வகுத்தது உண்மைதான். அச்சுப்பொறிகள் பலவும் அதைப் பின்பற்றின. பழைய வருடிகள் பலவற்றிடமோ அந்த வழியில் கேட்டால் பதில் வராது. அவை ஒவ்வொன்றும் தனக்கென வைத்திருக்கும் ஒரு குறிப்பிட்ட பைட்டு வரிசையை அனுப்பினால்தான் விழித்துக்கொள்கின்றன. ஆகவே நிரல் எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று அறியாமலேயே அந்த வரிசையை அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ப்ரோப்' என்பது இந்தச் செயல். பதில் கிடைத்த பிறகு சொல்லத்தக்கதே 'கண்டறிதல்'.

இந்த வேறுபாட்டை அமைப்பு வேலையில் நேரடியாகவே காணலாம். லினக்ஸில் வருடிகளை இயக்கும் சேன் (SANE) மென்பொருள் தொகுப்பில், ஒவ்வொரு வகை வருடியோடும் பேசும் நிரற்பகுதிக்குப் பின்தளம் என்று பெயர். எந்தப் பின்தளங்களை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் அதன் டிஎல்எல்.கான்ஃப் (dll.conf) கோப்பில் கேனன் பிபி, மஸ்டெக் பிபி, யூமேக்ஸ் பிபி முதலிய இணைத்துறைப் பின்தளங்களின் வரிகள், நிரல் பொருட்படுத்தாத குறிப்பு வரிகளாக வழக்கமாக அடைபட்டுக் கிடக்கும். அவற்றைத் திறந்துவிட்டால், வருடிகளைப் பட்டியலிடச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தப் பின்தளங்கள் துறைக்குள் தம் வரிசைகளை அனுப்பத் தொடங்கும். அத்துறையில் அச்சுப்பொறி ஒன்று காத்திருந்தால் அதற்கும் அந்தப் பைட்டுகள் போய்ச் சேரக்கூடும். தம்மிடம் உள்ள வருடிக்குரிய ஒரே ஒரு வரியை மட்டும் திறக்க வேண்டும் என்று வாசகருக்கு நாம் சொல்லப்போகும் அறிவுரையின் காரணம் இதுதான். 'கண்டறிதலை முடக்கி வையுங்கள்' என்று எழுதினால் இந்தக் காரணம் வாசகருக்கு எட்டாது. வருடி தெரியாமலே போய்விடுமோ என்றுதான் அவர் அஞ்சுவார்.

வருடிகளைத் தேடித் தரும் சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர் (sane-find-scanner) கட்டளையும், இணைத்துறையில் இணைந்த வருடிகளுள் பெரும்பாலானவற்றைத் தன்னால் கண்டறிய முடியாது என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறது. அந்த அறிவிப்பில் 'கண்டறிய' என்பது மிகச் சரியான சொல். அதை அப்படியே விட்டுவிடலாம். யூமேக்ஸ் பிபி பின்தளத்தின் அமைவுக் கோப்பிலோ நிலைமை வேறு. துறையைத் தானாகத் தேடிக்கொள்ள அங்கே இரண்டு தேர்வுகள் உள்ளன: ஒன்று வன்பொருளை நேரடியாகத் தொடுவது உட்பட எல்லா வழிகளையும் முயலும், மற்றொன்று, கெர்னலில் இணைத்துறையைக் கையாளும் பகுதியான பார்போர்ட் போன்ற பாதுகாப்பான வழிகளோடு நின்றுகொள்ளும். இடர் இருப்பது முயற்சியில்தான். அந்த முயற்சிக்கென ஒரு பெயர் இல்லாமல் இவ்விரு தேர்வுகளையும் தமிழில் வேறுபடுத்தி விளக்குவது கடினம்.

இதுவரை வந்த மாற்றுச் சொற்களுள் 'ஆய்வு' மிகவும் விரிந்த பொருளுடையது. 'சோதனை' என்றால் கருவி நன்றாக இயங்குகிறதா என்று பார்ப்பதாகவே எவரும் கொள்வர். 'தேடல்' ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. 'உசாவல்' அழகிய சொல். எனினும் கேட்கப்படுபவர் எதிரே இருக்கிறார் என்னும் உறுதி அதில் தொனிக்கிறது. நம் வருடிக்கு அந்த உறுதிதான் இல்லை.

'துழாவல்' என்பதை நான் பரிந்துரைக்கக் காரணம், இருட்டறையில் கைநீட்டித் துழாவுபவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது தெரியாது என்பதே. கைக்கு ஏதேனும் தட்டுப்படலாம், தட்டுப்படாமலும் போகலாம், தொடக்கூடாததைத் தொட்டுவிடவும் கூடும். இம்மூன்றும் இணைத்துறையிலும் நேர்கின்றன. மென்மையாகத் தடவுவதைக் குறிக்கும் 'வருடு' என்பதிலிருந்து பிறந்த 'வருடி' நம்மிடையே நிலைபெற்றுவிட்ட நிலையில், அதே கையின் மற்றொரு செயல் அதன் அருகில் வந்து அமைவது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

துழாவல் ஒழுங்கற்ற செயல் என்றும், நிரல் அனுப்புவதோ வரையறுத்த வரிசை என்றும் ஒரு மறுப்பு எழுந்துள்ளது. வரிசை வரையறுக்கப்பட்டதுதான், ஆயினும் அதைப் பெறுவது எது என்பது வரையறுக்கப்படவில்லை. சொல் இந்த அறியாமையையே சுட்ட வேண்டும். வரிசையின் ஒழுங்கைக் காட்ட விரும்பினால் 'துழாவல் வரிசை' என்று சேர்த்து எழுதிக்கொள்ளலாம். வினையாகவும் இச்சொல் தடையின்றி இயங்குகிறது: பின்தளம் துறையைத் துழாவுகிறது, துறையின் 378 என்னும் பதினறும முகவரி துழாவப்பட்டது, தானியங்கித் துழாவல், பாதுகாப்பான துழாவல் என எதுவும் நாவில் இடறவில்லை.

இதன்படி கையேட்டின் அந்தப் பத்தியை இவ்வாறு எழுதலாம் என்று கருதுகிறேன்: "முதலில், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில், துறை தரவைப் பரிமாறும் முறைமையை உங்கள் வருடியின் பின்தளம் கேட்பதற்கேற்ப இபிபி (EPP) அல்லது இசிபி (ECP) என்று வையுங்கள். பின்பு பார்போர்ட் பிசி (parport_pc), பிபிடெவ் (ppdev) ஆகிய கெர்னல் நிரற்கூறுகள் ஏற்றப்பட்டுள்ளனவா என்று பார்த்து, டிஎல்எல்.கான்ஃப் கோப்பில் உங்கள் வருடிக்குரிய பின்தளத்தை மட்டும் திறந்துவிடுங்கள். பின்தளம் துறையைத் துழாவும்போது வருடி மின்னூட்டம் பெற்றிருக்க வேண்டும். துழாவலுக்குப் பதில் வந்தால் மட்டுமே வருடி கண்டறியப்பட்டதாகப் பட்டியலில் தோன்றும்."

மின்னணுவியலில் அலைகாட்டியின் (ஆசிலாஸ்கோப்) முனையில் பிடிக்கும் 'ப்ரோப்' கருவிக்கும் இச்சொல்லை நீட்ட வேண்டும் என்று நான் கோரவில்லை. அது எங்கே தொட வேண்டும் என்று அறிந்தே தொடுகிறது. அதற்கு 'ஆய்முனை' பொருத்தமாக இருக்கும்.