கொமாவுக்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்புறது நியாயமோ?

கன்னியா_ஊற்று:
திருகோணமலைக் கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணத்திலயும் தண்ணி அள்ளி, ஒண்டரை வருசம் லேப்பில நிண்டு செய்த வேலை. அனுப்பி நாலாம் நாள் கட்டுரை திரும்பி வந்திட்டுது. கட்டுரையை மதிப்பிடுற ரிவியூவரிட்டப் போகவே இல்லை. உசாத்துணைப் பட்டியல் தங்கட வடிவத்தில இல்லையாம். நான் பேரும் ஆண்டும் போடுற ஏபிஏ முறையில குடுத்திருந்தன், அவைக்கு இலக்கம் போடுற வன்கூவர் முறை வேணும். மொத்தம் 43 ரெஃபரன்ஸ். உள்ளுக்க என்ன இருக்கு எண்டு பார்க்காமல் கொமாவையும் அடைப்புக்குறியையும் பார்த்துத் திருப்புறது சரியோ? எந்த ஜேர்னல் எண்டு கேக்காதேங்கோ, திரும்பவும் அங்கதான் அனுப்போணும்.

உவர்மலை_வாசி:
தம்பி, அனுப்ப முதல் 'ஆசிரியர்களுக்கான அறிவுறுத்தல்' பக்கத்தை வாசிச்சனீங்களோ? கோயில் வாசலில மேற்சட்டையைக் கழட்டு எண்டால் கழட்டிப்போட்டுத்தானே உள்ள போறம். நூலகத்தில இருந்த காலம் முழுக்க இதே முறைப்பாட்டைக் கேட்டனான். முறைப்பாடு சொன்ன ஆக்களில முக்கால்வாசிப்பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டினம்.

நிலாவெளி_ரோட்டு:
அக்கா, கோயில்ல ஒரே சட்டம்தான். இங்க ஒவ்வொரு ஜேர்னலும் ஒவ்வொரு கோயில். பகிடி என்னண்டால், 1978இல மருத்துவ ஜேர்னல் ஆசிரியர்மார் கனடாவில வன்கூவர் நகரத்தில கூடினதே எல்லாருக்கும் பொதுவா ஒரு வடிவம் வேணும் எண்டுதான். இப்ப ஸோட்டெரோ மாதிரி உசாத்துணைப் பட்டியல் செய்யிற மென்பொருளுகள் பாவிக்கிற பாணிக் களஞ்சியத்தில 10,000க்கு மேல பாணி கிடக்கு.

ராமன் விளைவுக் கட்டுரையையே எடுங்கோ. ஏபிஏ எண்டால் பேர், அடைப்புக்குறிக்குள்ள 1928, தலைப்பு, பிறகு சாய்வெழுத்தில நேச்சர், 121, 501–502. வன்கூவர் எண்டால் பேர், தலைப்பு, நேச்சர், 1928;121:501-2. ஆக்களும் அதே ஆக்கள், பக்கமும் அதே பக்கம். கடைசிப் பக்கத்தில '50' ஐ வெட்டினதில விஞ்ஞானத்துக்கு என்ன லாபம்? எல்சவியரே அவையின்ர கனக்க ஜேர்னலில முதல் தரம் எந்த வடிவத்திலயும் அனுப்பலாம், ஒரே சீரா இருந்தால் போதும் எண்டு விட்டிட்டுது.

உவர்மலை_வாசி:
லாபம் இருக்கு. மருத்துவக்காரர் ஒரு வசனத்துக்கு ஏழு கட்டுரையைக் காட்டுவினம். அதில பேரும் ஆண்டும் போட்டால் வசனமே காணாமல் போயிடும். அதுக்குத்தான் இலக்கம். ஆர் சொன்னது, எப்ப சொன்னது எண்டு வாசிக்கேக்கையே தெரிய வேண்டிய துறைக்குப் பேரும் ஆண்டும். கண்டபடி வந்ததில்லை இது.

இன்னொண்டு. வடிவத்தை மாத்தேக்கதான் பிழை வெளிய வரும். கன்னியா தம்பி, நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்கோ. 43ஐயும் திறந்து பார்த்தனீங்களோ?

கன்னியா_ஊற்று:
அக்கா, பிடிச்சிட்டீங்கள். ஒரு ஆறு வேற ஆக்களின்ர பட்டியலில இருந்து அப்பிடியே கொப்பி பண்ணினது. நேற்றிரவு அதில ஒண்டின்ர டிஓஐயை, அதான் கட்டுரைக்கெண்டு குடுக்கிற இணைய அடையாள இலக்கத்தை, பிரவுசரில போட்டுப் பார்த்தன். வெந்நீர் ஊற்று வரும் எண்டு பார்த்தால் இறால் பண்ணை வந்து நிக்குது. எனக்கு முதல் எழுதின ஆளும் திறந்து பார்க்கேல்லை, அவருக்கு முதல் எழுதினவரும் பார்க்கேல்லைப் போல.

நிலாவெளி_ரோட்டு:
அதைப் பிடிச்சது டிஓஐ. கொமா இல்லை. 😄
மென்பொருளில போட்டிருந்தால் ஏபிஏயில இருந்து வன்கூவருக்கு ஒரு கிளிக். உம்மட ரெண்டு இரவு நித்திரையும் மிஞ்சியிருக்கும். அதுவும் வன்கூவரைக் கையால செய்யிறது தற்கொலை. ஐஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில புதுசா ஒண்டைச் செருகினால், அங்கால இருக்கிற எல்லா இலக்கமும் மாறும்.

மூதூர்_தம்பி:
நான் இடையில பூர்றன், மன்னிச்சுக்கொள்ளுங்க. கொமா எப்பிடியும் போகட்டும், எனக்குப் பேர்தான் கரைச்சல். எங்கட ஆக்களுக்கு முன்னால மூணு நாலு இனிஷியல் நிக்கும். ஒன்லைன் படிவம் 'முதற்பெயர்', 'கடைசிப்பெயர்' எண்டு ரெண்டு பெட்டியைத் தரும். எதை எதுக்குள்ள போடுற? ஒருக்கா என்ட பேரை முதல்லயும் வாப்பாட பேரைக் கடைசியிலயும் எழுதினன். கட்டுரை வந்தது வாப்பாட பேரில. என்ட பேர் ஒத்த எழுத்தாப் போச்சு. வாப்பா கடலுக்குப் போற மனிசன், விஞ்ஞானி ஆகிட்டார்.

உவர்மலை_வாசி:
😂 இது எங்கட சனத்துக்குமுள்ள வியாதிதான் தம்பி. தகப்பன்ர எழுத்து முன்னுக்கும் சொந்தப் பேர் பின்னுக்கும் இருந்தால் தப்பிப்போம். பாஸ்போட்டைப் பார்த்து மாறி எழுதினால் முடிஞ்சுது. ராமனுக்கே வெங்கடராமன் எண்ட ஒரு பேர் ரெண்டாப் பிரிஞ்சதாலதான் கடைசித் துண்டு உலகத்துக்குக் குடும்பப் பேர் மாதிரிப் போச்சு.

நிலாவெளி_ரோட்டு:
அதுக்குத்தான் 2012இல ஓர்கிட் வந்தது, ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனி அடையாள எண். 16 இலக்கம். பேர் எப்பிடி வந்தாலும் ஆள் நீங்கள்தான்.

மூதூர்_தம்பி:
ஓம், என்னட்டயும் இருக்கு. ஆனா உசாத்துணைப் பட்டியல்ல அந்த இலக்கம் வராதே? அங்க பேர் மட்டும்தான். மென்பொருளும் ஜேர்னல் பக்கத்தில இருக்கிறதை அப்பிடியே இழுத்துத் தரும். அங்க பிழையெண்டால் இங்கயும் பிழை, அதுவும் வடிவான வன்கூவரில.

உவர்மலை_வாசி:
இதைத்தான் நான் தொடக்கத்தில இருந்து சொல்லுறன். முதல் பத்தையாவது கையால எழுதிப் பழகோணும். அப்பதான் எது பேர், எது தொகுதி, எது இதழ் இலக்கம் எண்டு கண் பிடிக்கும்.

நிலாவெளி_ரோட்டு:
பத்து எழுதட்டும், சரி. 43 எழுத வைக்கிறது தண்டனை. அதுவும் ரிவியூவுக்குப் போக முதல்! கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் ஆரும் மறுக்க மாட்டினம். இதில நான் மாறப்போறதில்லை அக்கா.

உவர்மலை_வாசி:
நானும் மாறப்போறதில்லை. ரெஃபரன்ஸில அலட்சியமா இருக்கிற ஆள் அளவெடுப்பிலயும் அலட்சியமா இருப்பார் எண்டு ஒரு எடிட்டர் நினைச்சால் நான் அவரைக் குறை சொல்லன். இப்ப ஏஐயிட்டக் கேட்டுப் பட்டியல் செய்யிற பிள்ளையளும் இருக்கினம். ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் அச்சுப்போல வரும், கட்டுரை மட்டும் உலகத்திலயே இருக்காது.

கன்னியா_ஊற்று:
சண்டை பிடியுங்கோ, நான் முடிச்சிட்டன். ஸோட்டெரோவில ஏத்தி, 43ஐயும் ஒவ்வொண்டாத் திறந்து பார்த்தன். இறால் பண்ணையைத் தூக்கியாச்சு. 31ஆவதுதான் விசயம். அது எங்கட சேரின்ர பழைய கட்டுரை, ஆனா ஆசிரியர் பேராக் கிடக்கிறது சேரின்ர தகப்பன்ர பேர். பயந்து பயந்து போன் எடுத்துச் சொன்னன். சேர் சிரிச்சார். "அது அப்பாதான். எண்பத்தேழில செத்தவர். இப்பவும் சைட் பண்ணுறாங்கள்" எண்டார்.

மூதூர்_தம்பி:
இப்ப எப்பிடிப் போடுற? சேர்ட பேருக்கு மாத்துறயா?

உவர்மலை_வாசி:
மாத்தாதேங்கோ! வெளிவந்த மாதிரியேதான் போடோணும். நீங்கள் திருத்தினால் தேடுற ஆளுக்குக் கட்டுரை அகப்படாது. திருத்தம் கேக்க வேண்டியது சேர், அந்த ஜேர்னலிட்ட.

நிலாவெளி_ரோட்டு:
இதில நான் அக்கா பக்கம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, இனிக் கிடைக்காது.

கன்னியா_ஊற்று:
ஓம், அப்பிடியே விட்டிட்டன். 31ஆவதில சேரின்ர அப்பா இருக்கிறார். நாளைக்குக் காலமை அனுப்புறன்.