ஜுவான்வில் பிரபு பற்றி ஒரு உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழாம் சிலுவைப் போர் (எகிப்தின் மீது நடந்த படையெடுப்பு) பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிரான்ஸ் அரசன் ஒன்பதாம் லூயியை விட, அவனோடு போன ஷாம்பாஞ் பிரபு ழான் த ஜுவான்வில்தான் என்னை இழுக்கிறார். 1248-இல் நிலங்களை அடகு வைத்துக் கிளம்புகிறார். கோட்டையையும் பிள்ளைகளையும் திரும்பிப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பார்க்காமலே நடக்கிறார். எகிப்தில் நடந்த மன்சூரா சண்டையில் தனக்கு 5 இடத்தில், குதிரைக்கு 15 இடத்தில் அம்புக்காயம் என்று எண்ணிச் சொல்கிறார். மனுஷன் கணக்கில் கெட்டி! பிறகு சிறை, மீட்புப் பணம், பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள ஆக்கர் (Acre) நகர வாசம், 1254-இல் ஊர் திரும்பல்.

1270-ஆம் ஆண்டுச் சிலுவைப் போருக்கு அரசன் மறுபடி கூப்பிட்டபோது, 'நான் போயிருந்த காலத்தில் அதிகாரிகள் என் குடிகளைச் சூறையாடிவிட்டார்கள்' என்று மறுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இங்கேதான்.

இதெல்லாம் முதுமையில் அவரே சொல்லி எழுதவைத்தது. அதே போரை எகிப்தியர் பக்கமிருந்து எழுதிய இப்னு வாசிலின் வரலாறு ஆங்கிலத்தில் கிடைக்குமா? டமியட்டாவிலிருந்து மன்சூரா வரை நைல் கால்வாய்களைக் காட்டும் நல்ல வரைபடம் இருந்தாலும் பகிருங்கள். அந்தக் காலத்தில் நிலத்தை அடகு வைத்தால் விளைச்சல் யாருக்குப் போகும் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.