‘ஷோ’ என்ற வினை: எங்கே ‘காட்டு’, எங்கே ‘தெரி’? விளக்கம் தேவை

கேள்வி:

வணக்கம். ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதமோ அறிக்கையோ எழுதினால் ‘ஷோ’ வரும் இடத்தில்தான் அதிகம் திருத்தம் விழுகிறது. ‘காட்டு’ என்று நினைத்து எழுதினால் பாதி தப்பாகிவிடுகிறது. கீழே உள்ளவை எல்லாம் தப்பு என்று வந்தவை. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அ) ஹி ஷோட் டு மீ த ரிப்போர்ட்.
ஆ) ஷி ஷோட் மீ டு ஓப்பன் த ஃபைல்.
இ) த ஸ்டெய்ன் வில் நாட் பி ஷோன் ஆன் எ பிளாக் ஷர்ட். (கறுப்புச் சட்டையில் கறை தெரியாது என்று சொல்ல நினைத்தது.)
ஈ) டோன்ட் ஷோ யுவர் ஆங்கர் ஆன் மீ.
உ) ஐ ஷோட் டு த டாக்டர்.

பதில் 1:

‘அ’வில் சிக்கல் ‘டு’தான். ‘ஷோ’வுக்கு அடுத்து ஆள் வந்தால் ‘டு’ வராது: ஹி ஷோட் மீ த ரிப்போர்ட். பொருள் முதலில் வந்தால் ‘டு’ கட்டாயம்: ஹி ஷோட் த ரிப்போர்ட் டு மீ. இரண்டையும் கலந்ததால் வந்த தப்பு இது. பொருளுக்குப் பதில் ‘இட்’, ‘தெம்’ வந்தால் யோசிக்காமல் ‘ஷோ இட் டு மீ’ என்றே எழுதுங்கள். நீளமான பகுதி எதுவோ அதைக் கடைசியில் வைத்தால் வாக்கியம் படிக்க இலகுவாக இருக்கும்.

‘எக்ஸ்ப்ளெயின்’, ‘டெமான்ஸ்ட்ரேட்’ இரண்டும் இப்படி வளையாது. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ தப்பு, ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ சரி. பொருள் நெருக்கமாக இருப்பதால் ‘ஷோ மீ’யைப் பார்த்து ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று நிறையப் பேர் எழுதிவிடுகிறார்கள்.

‘ஆ’வில் ‘ஹவ்’ விட்டுப்போயிற்று: ஷி ஷோட் மீ ஹவ் டு ஓப்பன் த ஃபைல். ‘டீச்’ மட்டும் ‘ஹவ்’ இல்லாமலும் வரும் (டாட் மீ டு ஓப்பன்). ‘ஷோ’வுக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கே, எது என்று காட்டினால் ‘வேர்’, ‘விச்’ வரும்.

பதில் 2:

‘இ’தான் இந்தப் பட்டியலில் முக்கியமானது. தமிழில் காட்டுவதற்கு ஒரு வினை, தெரிவதற்கு இன்னொரு வினை. ஆங்கிலத்தில் ‘ஷோ’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. ‘தெரி’ என்ற பொருளில் வரும்போது அதற்குச் செயப்படுபொருள் வேண்டாம், செயப்பாட்டு வினையாகவும் மாற்றக் கூடாது. கறை தெரியாது: த ஸ்டெய்ன் வோன்ட் ஷோ. பயம் கண்ணில் தெரிந்தது: ஹர் ஃபியர் ஷோட் இன் ஹர் ஐஸ். ‘பி ஷோன்’ என்று போட்டால் யாரோ எடுத்துக் காட்டுகிறார்கள் என்று ஆகிவிடும். கறையை யாரும் காட்டவில்லையே.

அதற்காக ‘தெரி’ வரும் எல்லா இடத்திலும் ‘ஷோ’ போட முடியாது. தூரத்தில் மலை தெரிகிறது என்பதற்கு ‘யூ கேன் சீ த ஹில்’தான் இயல்பு. மறைந்திருக்க வேண்டியது, மறைக்க நினைத்தது, கவனிக்காமல் போகக்கூடியது வெளியே தெரிந்தால்தான் ‘ஷோ’ பொருந்தும்: கோட்டின் உள்துணி வெளியே தெரிவது, குரலில் களைப்பு தெரிவது.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘பார்’ என்றுதான் பொருள். அதன் உறவான ஜெர்மன் ‘ஷௌஎன்’ இன்றும் பார்ப்பதையே குறிக்கிறது. பார் என்பது பார்க்கவை என்று மாறி, அங்கிருந்து காட்டு ஆனது.

பதில் 3:

ஈ, உ இரண்டிலும் தமிழ் வழக்கு அப்படியே இறங்கியிருக்கிறது. கோபத்தை ஒருவர் மேல் காட்டுவது ‘டேக் இட் அவுட் ஆன்’: டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மீ. மரியாதை, இரக்கம், ஆர்வம் எல்லாம் ‘ஷோ’வோடு நன்றாகவே வரும், ஆனால் ‘ஆன்’ வராது. ஷோ ரெஸ்பெக்ட் ஃபார், ஷோ கைண்ட்னஸ் டு, ஷோ இன்ட்ரெஸ்ட் இன் என்று சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

டாக்டரிடம் காட்டினேன் என்றால் ‘ஐ சா எ டாக்டர்’. பிள்ளையைக் காட்டினால் ‘டுக் மை சன் டு த டாக்டர்’. கையில் உள்ள தடிப்பைக் குறிப்பாகக் காட்டியிருந்தால் மட்டும் ‘ஐ ஷோட் த டாக்டர் த ராஷ்’ சரி.

இதே வகையில் கைகாட்டி பஸ்ஸை நிறுத்துவது ‘ஃபிளாக் டவுன்’, விரலால் காட்டுவது ‘பாயின்ட் அட்’, டார்ச் காட்டுவது ‘ஷைன்’, ஆசை காட்டுவது ‘டெம்ப்ட்’, போக்குக் காட்டுவது ‘கிவ் த ஸ்லிப்’. படம் காட்டுகிறான் என்று நாம் திட்டுவது மட்டும் ‘ஷோ’ குடும்பத்திலேயே இருக்கிறது: ஷோயிங் ஆஃப். ‘ஷோ அப்’ என்றால் வந்து சேர்வது. நடுவில் ஆள் வந்துவிட்டால் (ஷோட் ஹிம் அப்) பலர் முன் தலைகுனிய வைத்ததாக ஆகிவிடும், கவனம்.

கேட்டவர்:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. ‘ஹேஸ் ஷோட்’ சரியா? அறிக்கையில் ‘ஃப்ரம் த டேபிள் இட் இஸ் ஷோயிங் தட்’ என்று எழுதலாமா?

பதில் 1:

‘ஹேஸ் ஷோட்’ அகராதிகளில் உண்டு, ஆனால் வழக்கில் அரிது. ‘ஹேஸ் ஷோன்’ என்றே எழுதுங்கள். செயப்பாட்டு வினையில் ‘ஷோன்’ மட்டுமே. எழுத்தில் இதை ‘ஷைன்’ வினையின் இறந்தகால வடிவத்தோடு குழப்பிவிடாதீர்கள். அமெரிக்க உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும், பிரிட்டிஷ் உச்சரிப்பில் ‘ஷைன்’ வினையின் வடிவம் ‘ஷான்’. எழுத்துப் பிழை திருத்தியும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பதில் 2:

இரண்டாவது கூடாது. ‘அட்டவணையிலிருந்து தெரிகிறது’ என்ற தமிழ் அமைப்பு அது. ஆங்கிலத்தில் அட்டவணையே எழுவாயாக நிற்கும்: த டேபிள் ஷோஸ் தட். ‘ஃப்ரம்’ வேண்டும் என்றால் வினையை மாற்றுங்கள்: ஃப்ரம் த டேபிள் வி கேன் சீ தட். ‘இஸ் ஷோயிங்’ வேண்டாம். அட்டவணை நிலையாகச் சொல்வது, இந்த நிமிடம் நடப்பது அல்ல.

இன்னொன்று, ‘ஷோஸ் தட்’ என்று எழுதினால் அதன் பின் வருவது உறுதியான உண்மை என்று பொறுப்பேற்கிறீர்கள். விற்பனை குறைந்ததை அட்டவணை ‘ஷோஸ்’ என்று சொல்லலாம். ஏன் குறைந்தது என்பது உங்கள் ஊகம் என்றால் அங்கே ‘சஜெஸ்ட்ஸ்’ போடுங்கள்.