வரைவது வருகிறது, வண்ணம் தொட்டதும் சேறாகிறது: சிறு பிள்ளைகளுக்கு வாட்டர்கலரில் விலங்குகள்

வண்ணப்பெட்டி (கேள்வி)

வணக்கம். 4 முதல் 7 வயது வரை எட்டுப் பிள்ளைகள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். விலங்குகள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். பென்சிலில் பூனை, யானை, ஆமை எல்லாம் ஓரளவுக்கு வந்துவிடுகிறது. வண்ணம் தொட்ட பத்தாவது நிமிடம் எல்லாம் போச்சு.

யானைக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு சாம்பல் வருகிறது. மற்ற விலங்குகள் எந்த நிறத்தில் தொடங்கினாலும் பழுப்பில் முடிகின்றன. தாள் அலை அலையாக எழும்புகிறது. தேய்த்த இடத்தில் திரிதிரியாக உருள்கிறது. கண்ணும் மீசையும் கரைந்து முகமே காணாமல் போகிறது. இன்னொன்று, நாலு கால் விலங்கு எல்லாமே மேஜை மாதிரி நிற்கிறது.

இருப்பவை: 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) டிராயிங் தாள், 12 நிற கேக் (உலர்ந்த வண்ண வில்லை) பெட்டி, பெட்டியோடு வந்த பிரஷ், ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது. எதில் தொடங்கலாம்?

---

ஈரத்தாள்

தாளில் தொடங்குங்கள். அடுத்தது பிரஷ். வண்ணப் பெட்டி இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

120 ஜிஎஸ்எம் தாள் தண்ணீர் பட்டதும் ஈரமான பக்கம் மட்டும் விரிகிறது, அதனால்தான் அலை. பள்ளத்தில் தண்ணீர் தேங்க, பிள்ளை அதைச் சரிசெய்யத் தேய்க்க, தாளின் மேல்பூச்சு ஊறி நார் கிளம்புகிறது. நீங்கள் சொல்லும் திரி அதுதான். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், லேசான சொரசொரப்பு உள்ளது, வாங்கி A4-ஐப் பாதியாக வெட்டுங்கள். எட்டுப் பேருக்கு நாலு தாள் போதும். சிறிய கைக்குப் பாதித் தாளே பெரிய களம்தான். அது கிடைக்காவிட்டால் 200 ஜிஎஸ்எம் எடுத்து, நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். ஒரு பக்கம்கூட விடக்கூடாது. விட்ட பக்கம் வழியாகத்தான் தாள் தூக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு டேப்பைப் படத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். ஈரத்தில் உரித்தால் தாளும் கூட வரும்.

பெட்டியோடு வரும் பிரஷ் பெரும்பாலும் மெல்லியது, முடி விறைப்பாக இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஒரு யானை முதுகை நிரப்ப முப்பது தடவை இழுக்க வேண்டும். அந்த முப்பது இழுப்பில்தான் தாள் கிழிகிறது. செயற்கை முடி வைத்த உருண்டை பிரஷ், 8 அல்லது 10 எண், ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அதே முதுகு ஐந்தாறு இழுப்பில் முடியும். நுனி கூர்மையாகச் சேர்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சேர்ந்தால் வால், காது ஓரம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். சின்னப் பிள்ளைக்குச் சின்ன பிரஷ் என்று நினைத்துக் கொடுப்பதுதான் பொதுவாக நடக்கிற தப்பு.

அடுத்து தண்ணீர். ஆளுக்கு இரண்டு பாத்திரம்: ஒன்று கழுவ, ஒன்று தொட. உயரமான டம்ளர் கவிழும்; அகலமான, குட்டையான கிண்ணத்தில் பாதி வரை ஊற்றுங்கள். பக்கத்தில் ஈரப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கட்டும். பிரஷைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் நேரே தாளுக்குப் போகக் கூடாது, பஞ்சில் ஒரு முறை படுத்து எழுந்துதான் போக வேண்டும். "பிரஷ் குளிச்சாச்சு, துவட்டியாச்சா?" என்று கேட்டால் 4 வயதுக்கும் புரியும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே தாளில் குளம் கட்டுவது பெருமளவு நிற்கும்.

வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம் முன்னால் ஒவ்வொரு கேக்கிலும் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு வையுங்கள். கேக் இளகிவிடும், பிரஷைக் குத்திக் குத்தி நிறம் எடுக்க வேண்டியிருக்காது. பிரஷ் முடி விரிவதும் அந்தக் குத்தலால்தான்.

---

நத்தைக்கொம்பு

ஈரத்தாள் சொன்னது அத்தனையும் சரி. நான் நிறத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை, 12 நிறத்தை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் பழுப்போ சாம்பலோதான் வரும், அதில் குழந்தையின் தவறு எதுவும் இல்லை. பச்சையும் சிவப்பும் சேர்ந்தாலும் அதே கதைதான், பச்சைக்குள் மஞ்சளும் நீலமும் ஏற்கெனவே இருக்கிறதே. ஆகவே ஒரு வகுப்புக்கு இரண்டு நிறம். பூனைக்கு மஞ்சளும் சிவப்பும்: எப்படிக் கலந்தாலும் ஆரஞ்சுக் குடும்பத்தை விட்டு வெளியே போகாது. தவளைக்கு மஞ்சளும் நீலமும். சேறாக வழியே கிடையாது.

யானைக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டும் வேண்டாம். வாட்டர்கலரில் வெளிச்சம் வருவது தாளின் வெண்மையிலிருந்துதான். வெள்ளை வண்ணம் அந்தத் தாளை மூடிவிடுகிறது, அதனால்தான் சுண்ணாம்பு. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் நல்ல ஜோடி. பெட்டியில் சியன்னா இல்லையென்றால் அதிலிருக்கும் பழுப்பு போதும், ஆரஞ்சும் வேலை செய்யும். தட்டில் கலக்காமல் தாளிலேயே கலக்க விடுங்கள். யானை வடிவத்துக்குள் வெறும் தண்ணீர், அது மினுங்கும்போது வயிற்றுப் பக்கம் நீலம், நெற்றியிலும் முதுகிலும் பழுப்பு, நடுவில் இரண்டும் தாமாகச் சந்திக்கட்டும். சந்தித்த இடத்தில் பிரஷ் வைக்கத் தடை. ஒரே சாம்பலைப் பூசினால் வராத உருட்சி இதில் வந்துவிடும். காய்ந்ததும் ஒரு படி வெளிறும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

கண், மீசை விஷயம். வெள்ளை ஆயில் பேஸ்டலோ மெழுகுவர்த்தித் துண்டோ கொடுத்து, வண்ணத்துக்கு முன்பே மீசையையும் கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளியையும் அழுத்தி வரையச் சொல்லுங்கள். மெழுகு தண்ணீரைத் தள்ளும், மேலே வண்ணம் ஓடினாலும் அந்தக் கோடு வெள்ளையாகவே நிற்கும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டு எச்சரிக்கை: லேசாகத் தேய்த்தால் மெழுகின் சந்துகளில் வண்ணம் புகும், தப்பாகப் போட்டதை அழிக்க முடியாது.

கறுப்பு ஆயில் பேஸ்டலில் சுற்றுக்கோடு போட்டால் அது வரப்பு மாதிரி. தண்ணீர் பெரும்பாலும் தாண்டாது. ஆனால் கோட்டில் ஒரு விரல் இடைவெளி விட்டாலும் பூனை அந்த வழியாக வெளியே ஓடிவிடும். பென்சில்தான் என்றால் எச்பி, லேசாக. வண்ணம் ஏறிய பிறகு அடியில் உள்ள பென்சில் கோட்டை ரப்பரால் எடுப்பது கடினம், அழிக்க வேண்டியதை முன்பே அழித்துவிடுங்கள். சாதாரண ஸ்கெட்ச் பென் வேண்டவே வேண்டாம், தண்ணீரில் கரையும். நீர் படாத மை என்று போட்டிருக்கும் பேனாவையும் ஒரு துண்டில் கோடு போட்டு, பத்து நிமிடம் விட்டு, ஈர பிரஷால் தடவிப் பார்த்த பிறகே கொடுங்கள்.

---

கோடும்நிறமும்

மேஜைக்கால் பற்றி யாரும் பேசவில்லையே.

பிள்ளைக்கு நாலு கால் உண்டு என்று தெரியும். தெரிந்ததை வரைகிறது, கண்ட கோணத்தை அல்ல. 4, 5 வயதில் உடம்பு பக்கவாட்டில், முகம் மட்டும் நம்மைப் பார்த்து, கால் வரிசையாக நாலு: அந்த வயதுக்கு இதுதான் இயல்பு, திருத்தாதீர்கள். 6, 7 வயதுக்காரர்களிடம் மட்டும் வேலை இருக்கிறது.

அவர்களைத் தரையில் கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். முழங்கை எந்தப் பக்கம் மடங்குகிறது, முழங்கால் எந்தப் பக்கம்? பிறகு நாயின் படத்தைக் காட்டுங்கள். "நாய்க்குப் பின்னங்கால் திருப்பி மடங்குதே!" என்பார்கள். மடங்கவில்லை. பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது முழங்கால் இல்லை, குதிகால். நிஜ முழங்கால் மேலே வயிற்றோரம் இருக்கிறது, முன்பக்கமாகத்தான் மடங்கும். நாயும் பூனையும் விரல் ஊன்றி நடப்பவை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு எட்டி நடந்து பார்த்தால் பிள்ளைகளுக்கே பிடிபடும். குதிரை விரலின் நுனியிலேயே, குளம்பில், நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் பின்னங்காலை நேர்கோடாக வரைவது குறையும். அப்புறம், உடம்புக்கு அந்தப் பக்கம், தள்ளி இருக்கும் இரண்டு கால்களையும் கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் மங்கலாக. மேஜை எழுந்து நடக்கும்.

இன்னொரு விஷயத்தில் எனக்குச் சண்டையே உண்டு. பலகையில் "முதலில் வட்டம், அடுத்து முக்கோணம்" என்று படிப்படியாகப் போட்டு எல்லாரையும் பார்த்துப் போடச் சொல்லும் முறை. எட்டுப் பேரிடமிருந்தும் ஒரே பூனை வரும், அதுவும் ஆசிரியரின் பூனை. முக்கோணத்தைப் பார்த்து வரைவது பொதுவாக 5 வயதை ஒட்டித்தான் கைகூடுகிறது. வட்டம் 3 வயதிலேயே வந்துவிடும். 4 வயதிடம் முக்கோணக் காது கேட்பது அநியாயம். அதற்குப் பதில் பிரஷைப் படுக்க வைத்து ஒரே அழுத்து, தூக்கு. நுனி கூர்ந்த ஒரு துளி வடிவம் கிடைக்கும். அதுதான் காது. இரண்டு அழுத்தினால் முயல்.

---

நத்தைக்கொம்பு

@கோடும்நிறமும், பாதி ஒப்புக்கொள்கிறேன். படிப்படியை அடியோடு விட்டால், "எனக்கு வராது" என்று கையைக் கட்டிக்கொள்ளும் 7 வயதுப் பிள்ளையை என்ன செய்வது? அந்தப் பிள்ளைக்கு ஒரு பிடி வேண்டும். ஒரு விலங்கை ஒரு முறை சேர்ந்து போடலாம், உடனே பலகையை அழித்துவிட்டு அதே விலங்கை வேறு நிலையில், படுத்திருப்பது போல, தாங்களாகப் போடச் சொல்லலாம். பிள்ளையின் தாளில் மட்டும் நாம் கோடு போடக் கூடாது. காட்ட வேண்டுமானால் பக்கத்தில் தனித் தாளில்.

---

வண்ணப்பெட்டி

எல்லாருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். ரோமம் எப்படி? 4 வயதுக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றவர்கள் தாளில் கை வைக்கிறார்கள், என்ன செய்வது? காயும் வரை இடைவெளி விட ஹேர் டிரையர் பயன்படுத்தலாமா?

---

ஈரத்தாள்

ரோமம் என்பது முடி முடியாக வரைவது அல்ல, ஓரத்தைக் கரைய விடுவது. கோழிக்குஞ்சில் தொடங்குங்கள். நல்ல தண்ணீரால் ஒரு வட்டம், அதன் நடுவில் மஞ்சள் ஒரு சொட்டு. மஞ்சள் ஓடிப் போய் ஈரம் முடிகிற இடத்துக்கு முன்பே மங்கி நிற்கும். அந்த மங்கல்தான் தூவல். காய்ந்த பிறகு அலகு, கால், கண்.

எப்போது தொடுவது என்பதற்கு நிறத்தைப் பார்க்காதீர்கள், பளபளப்பைப் பாருங்கள். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்வாகப் பார்த்தால் மூன்று நிலை தெரியும். கண்ணாடி போல மின்னினால் தண்ணீர் அதிகம், நிறம் எங்கும் ஓடும். பட்டுத் துணி போல மங்கலாக மின்னினால் ரோமத்துக்குச் சரியான நேரம், அதிகபட்சம் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். மின்னவே இல்லை, ஆனால் புறங்கை விரலை வைத்தால் சில்லென்றிருக்கிறது என்றால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு. அப்போது தொடக் கூடாது. அந்த நேரத்தில் ஈர பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை போடும். பிள்ளைகள் "பூ பூத்திருச்சு" என்று அழுவது இந்தக் கட்டத்தில்தான். ஆமை ஓட்டுக்கு அந்தக் கறையை வேண்டுமென்றே வரவழைக்கலாம்.

மங்கல் மின்னல் நிலையிலேயே பிரஷின் பின்முனையால் கீறினால் ரோமக் கோடு கிடைக்கும். அதற்கு முன்பே, தண்ணீர் நிற்கும்போது கீறினால் பள்ளத்தில் நிறம் இறங்கிக் கருங்கோடாகிவிடும். இரண்டும் உதவும்: கரடிக்கு வெளிர் கோடு, காட்டுப்பன்றிக்குக் கருங்கோடு.

ஹேர் டிரையர் பெரியவர் கையில் மட்டும், ஒரு முழம் தள்ளி, குறைந்த வேகத்தில். தண்ணீர் தேங்கியிருக்கும்போது ஊதினால் நிறம் ஓடிச் சிலந்திக் கால் முளைக்கும். முதலில் டிஷ்யூ முனையால் குளத்தை ஒற்றி எடுத்துவிட்டு ஊதுங்கள். சும்மா காயவிடுவதே மேல். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு வேறு துண்டுத் தாளில் கண் மட்டும் வரைய விடுங்கள்: பூனைக்கு நெட்டுக் கீறல், ஆட்டுக்குப் படுத்த பட்டை, முயலுக்குத் தலையின் பக்கவாட்டில். நல்ல கண்ணைக் கலர் பென்சிலில் முகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

---

கோடும்நிறமும்

4 வயதுக்காரர்களை ஒரு மணி நேரம் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கவனம் நின்றாலே நல்லது. அவர்களுக்கு உள்ளங்கை அளவில் மூன்று தாள்: ஒன்றில் நிறம் மட்டும், விலங்கே வேண்டாம். இரண்டாவதில் கோழிக்குஞ்சு. அது காய்வதற்குள் முதல் தாள் காய்ந்திருக்கும்; அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறைக்குள் எந்த விலங்கு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு கண்ணும் நாலு காலும் போடட்டும். மூன்றாவது தாள் கையிருப்பு.

ஒன்று விட்டுப்போனது: மீன் செதிலுக்குக் கல் உப்பு. மங்கல் மின்னலில் பத்துப் பன்னிரண்டு கல் தூவி, அசைக்காமல் முழுக்கக் காயவிட்டுத் தட்டிவிட்டால் நட்சத்திரப் புள்ளி வரும். அள்ளிக் கொட்டினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் அழுக்காகத் தெரியும். உப்பு பட்ட விரலைக் கண்ணில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடனே கை கழுவட்டும்.

---

நத்தைக்கொம்பு

வகுப்பு முடிந்ததும் பிரஷ்களைக் கிண்ணத்திலேயே தலைகீழாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். முடி வளைந்து அப்படியே நின்றுவிடும், கைப்பிடி ஊறி வண்ணம் உரியும். கழுவி, விரலால் நுனியைக் கூர்ப்படுத்தி, படுக்க வைத்துக் காயவிடுங்கள். மஞ்சள் கேக்கை மட்டும் ஈர டிஷ்யூவால் ஒரு துடை. அடுத்த வாரக் கோழிக்குஞ்சு பச்சையாகப் பிறக்காமல் இருக்க.