35 ஆயிரத்துக்கு கியர் வீலா, காசு சேத்து டைரக்ட் டிரைவா? கடலூர் பாண்டி ஆளுங்க வந்து சொல்லுங்க

கெடிலக்கரை:
வணக்கம் மக்களே, நான் கடலூர் மஞ்சக்குப்பம். ரேஸ் கேம் ஆடறதுக்கு ஸ்டீயரிங் வீல் வாங்கணும். இதுவரைக்கும் கன்ட்ரோலர்ல தான் ஆடிட்டு இருந்தேன், அசெட்டோ கோர்சா, அதோட காம்பெடிசியோனெ, ராத்திரில யூரோ ட்ரக். பிசி மட்டும் தான், கன்சோல் இல்ல. கைல 35 ஆயிரம் இருக்கு. லாஜிடெக் ஜி29 (மோட்டார் விசை பல்சக்கரம் வழியா வர்ற கியர் வீல்) இதுக்குள்ள வந்துடும். ஆனா எங்க கேட்டாலும் டைரக்ட் டிரைவ் (டிடி, மோட்டார்லயே நேரா வீல மாட்டறது) வாங்கு, கியர் வீலெல்லாம் பழசுன்னு சொல்றாங்க. மோசா ஆர்5ங்கற டிடி செட்டு எடுக்கணும்னா இன்னும் சில மாசம் சேக்கணும். மாட்டுறதுக்கு இருக்கறது ஒரு கம்ப்யூட்டர் டேபிள், அதுவும் லேசா ஆடும். என்ன பண்ணட்டும்?

லாஸ்பேட்டை லேப்:
தம்பி ரொம்ப யோசிக்காத, ஜி29 எடுத்துட்டு ஓட்ட ஆரம்பி. கன்ட்ரோலர்ல இருந்து வர்றவனுக்கு 900 டிகிரி சுத்துற வீலும் மூணு பெடலும் கிடைச்சாலே ஓட்டுற விதமே மாறிடும், அது தான் பெரிய தாவல், அதுக்கப்புறம் கியர்ல இருந்து டிடிக்கு போறதெல்லாம் அதுல பாதி கூட வராது. 2010ல ஜி27 வந்தப்ப இருந்து அதே ரெண்டு மோட்டார், அதே ஹெலிகல் கியர் டிசைன் தான், பழசுன்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும், பழசா இருக்கறதால தான் எது போகும் எது போகாதுன்னு ஊருக்கே தெரியும், கழட்டிக் காட்டுற வீடியோ ஆயிரம் இருக்கு. புடிக்கலன்னு விக்கப் போனா கூட பாண்டிலயே ஆள் வந்து வாங்கிட்டு போயிடுவாங்க.

தேவனாம்பட்டினம் டிடி:
ரீசேல் மட்டும் ஒத்துக்கறேன் அண்ணா, மத்ததெல்லாம் இல்ல.

ஜி29 உச்சமா தர்ற டார்க் (வீல சுத்தற விசை) சுமார் 2.1 நியூட்டன் மீட்டர். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட் வீலு 3.9 கிட்ட வரும். மோசா ஆர்5 5.5, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5, பூஸ்ட் கிட் போட்டா 8. இது நம்பர் மட்டும் இல்ல. கியர் வீல்ல நடுவுல ஒரு செத்த இடம் இருக்கு, நேரா போறப்ப வர்ற சின்னச் சின்ன விசையெல்லாம் கியரோட உராய்வத் தாண்டி கைக்கு வர்றதே இல்ல. கெர்ப் (டிராக் ஓரத்து மேடு) மேல ஏறுனா கடகடன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அது ரோடு இல்ல, கியர் பல்லு ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கறது. டைரக்ட் டிரைவ்ல மோட்டார் ஷாஃப்ட்லயே வீல மாட்டிடறாங்க, நடுவுல ஒண்ணும் கிடையாது, கேம் என்ன சொல்லுதோ அது அப்படியே கைக்கு வரும். 35 ஆயிரத்த இதுல போட்டுட்டு அடுத்த வருஷம் மறுபடியும் டிடிக்கு செலவு பண்ணப் போறியா தம்பி?

லாஸ்பேட்டை லேப்:
செத்த இடத்துக்கு வழி இருக்குப்பா. அசெட்டோ கோர்சால வீல்செக்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஓட்டுனா வீலு எந்த விசைக்கு எவ்ளோ அசையுதுன்னு அதுவே அளந்துக்கும், அத வெச்சு எல்யூடி (விசைய திருத்தற அட்டவணை) ஃபைல் ஒண்ணு போட்டுட்டா நடுவுல இருக்கற ஓட்டை பெரும்பாலும் அடைஞ்சிடும். மத்த கேம்ல மினிமம் ஃபோர்ஸ்ங்கற செட்டிங்க கொஞ்சம் ஏத்துனா போதும். அப்புறம் இந்த டார்க் பேச்சு. இவன் ஓட்டப் போறது ஜிடி3ங்கற ரேஸ் காரு, நெஜ ஜிடி3 கார்லயே பவர் ஸ்டீயரிங் இருக்கு, ஃபார்முலா 2 மாதிரி பவர் ஸ்டீயரிங் இல்லாத காரா இருந்தா கை வலிக்க ஓட்டறதுல அர்த்தம் இருக்கு. யூரோ ட்ரக்குக்கு 5.5 எதுக்கு?

தேவனாம்பட்டினம் டிடி:
நீங்க டார்க்க கனம்னு எடுத்துக்கறீங்க, அங்க தான் நம்ம ரெண்டு பேருக்கும் வழி பிரியுது. நான் 5.5ஐ முழுசா வெச்சு ஓட்டறது இல்ல. கார்னர்ல போறப்ப வீல் மேல ஒரு நிலையான விசை இருக்கும்ல, ஜி29ல அதுக்கே பாதிக்கு மேல மோட்டார் செலவாயிடும், அது மேல கெர்ப், பள்ளம், டயர் வழுக்கறது எல்லாம் வந்து சேந்தா மோட்டார் உச்சத்துல முட்டிக்கும், அது தான் கிளிப்பிங். முட்டிக்கிட்டா அதுக்கு மேல வர்ற எல்லாமே ஒரே மாதிரி தான் தெரியும். அசெட்டோ கோர்சால பெடல்ஸ் ஆப்ப திறந்து வெச்சுட்டு ஓட்டுங்க, எஃப்எஃப்பி (வீலுக்கு வர்ற விசை) பட்டை சாம்பல் கலர்ல ஏறி ஏறி இறங்கும், முட்டிக்கிட்டா சிவப்பாயிடும். சிவப்பு வராம இருக்க கெயின (மொத்த விசை அளவ) கொறச்சா வீலு தொளதொளன்னு ஆயிடும், ஏத்துனா விவரம் போயிடும்.

அந்த விவரத்துல தான் விஷயமே இருக்கு. முன் டயர் கிரிப்போட உச்சத்துக்குப் போறதுக்கு கொஞ்சம் முன்னாடியே, வீல நடுவுக்கு இழுக்கற விசை குறைய ஆரம்பிச்சிடும். கைல லேசாகுதுன்னா இன்னும் திருப்பாத, அண்டர்ஸ்டீர் (திருப்புனாலும் கார் திரும்பாம நேரா போறது) வரப் போகுதுன்னு அர்த்தம். டிடில அது கைக்குத் தெரியும். கிளிப் ஆகற வீல்ல டயர் கத்துன பிறகு காதால தான் தெரிஞ்சுக்கணும்.

முத்தியால்பேட்டை அக்கா:
ரெண்டு பேரும் வீலையே புடிச்சு இழுத்துட்டு இருக்கீங்க, கால யாரும் கேக்கல.

லேப் டைம் மாறறது பிரேக்ல தான். மான்ஸா டிராக்ல முதல் சிக்கேனுக்கு (இடம் வலம்னு நெளியற திருப்பம்) முழு வேகத்துல வந்து ரெண்டாவது கியர் வரைக்கும் எறக்கணும், மொதல்ல கெட்டியா மிதிக்கணும், அப்புறம் வீல திருப்பிக்கிட்டே பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஜி29 கூட வர்ற பெடல் எவ்ளோ தூரம் மிதிச்சோம்னு தான் அளக்குது, உள்ள இருக்கறது பொட்டென்ஷியோமீட்டர். லோட் செல் பெடல் எவ்ளோ பலமா மிதிச்சோம்னு அளக்கும். நம்ம காலுக்கு தூரம் ஞாபகம் இருக்காது, பலம் தான் ஞாபகம் இருக்கும், நெஜ கார்லயும் அப்படித் தான். ஜி29 பிரேக்குக்குள்ள ஒரு ரப்பர் கட்டை வெச்சிருக்காங்க, பாதில இருந்து திடீர்னு கல்லு மாதிரி ஆயிடும், டேபிளுக்கு அடில பெடல் செட்டே பின்னாடி ஓடும்.

தம்பி நீ பிசில ஆடற. பிசில பெடல் தனி யூஎஸ்பில போகும், வீலும் பெடலும் ஒரே கம்பெனியா இருக்கணும்னு இல்ல. அதனால பழைய கியர் வீல் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்துட்டு மிச்சக் காச டி எல்சிஎம் மாதிரி ஒரு லோட் செல் பெடல்ல போடு, நாளைக்கு டிடி வாங்குனாலும் அந்தப் பெடல் கூடவே வரும். கன்சோலா இருந்தா இந்த யோசனைய சொல்லியே இருக்க மாட்டேன், அங்க பெடல் வீல் பேஸ் வழியா தான் போகணும்.

லாஸ்பேட்டை லேப்:
அக்கா சொல்றது பாதி எனக்கு சாதகம் தான் 🙂 ஆனா லோட் செல்லுக்கு ரிக் (வீல், பெடல், சீட்டு எல்லாம் மாட்டற ஃபிரேம்) வேணும்கா, ஆடற டேபிளும் பிளாஸ்டிக் நாற்காலியும் வெச்சுட்டு பலமா மிதிச்சா இவன் தான் பின்னாடி போவான்.

முத்தியால்பேட்டை அக்கா:
அதுக்குத் தான் சொல்றேன், ரிக் மொதல்ல, பெடல் ரெண்டாவது, வீலு மூணாவது. இந்த வரிசைய தலைகீழா மாத்தி எல்லாரும் காச விடறாங்க.

ரெட்டியார்பாளையம் கஃபே:
நான் கொஞ்ச காலம் கேமிங் கடை வெச்சிருந்தேன், அந்த அனுபவத்துல சொல்றேன். சின்னப் பசங்க வந்து வீல லாக் வரைக்கும் அடிச்சு அடிச்சு திருப்புவாங்க, அத தாங்கணும். கியர் வீலுங்க தாங்குச்சு, சத்தம் அதிகமாச்சு, அவ்ளோ தான். பெடல்ல தான் தூசி போயி பிரேக் தானா துடிக்க ஆரம்பிக்கும், காண்டாக்ட் கிளீனர் அடிச்சா சரியாயிடும். ஒரு கம்பெனி பெல்ட் வீல் வெச்சிருந்தேன், மே மாச வெயில்ல தொடர்ந்து ஓடுனா மோட்டார் சூடாகி விசையே கொறஞ்சு போயிடும், சர்வீஸுக்கு அனுப்புனா மாசக்கணக்குல வரல. டைரக்ட் டிரைவ்ல தேயறதுக்கு பெல்ட்டும் இல்ல கியரும் இல்ல, அது உண்மை. ஆனா போர்டு போச்சுன்னா நம்ம ஊர்ல யாரு பாப்பா? வாங்கறதுக்கு முன்னாடி இந்தியால வாரண்டி யாரு குடுக்கறாங்க, பெட்டிய எந்த ஊருக்கு அனுப்பணும்னு எழுத்துல கேட்டு வாங்கிக்க. வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைச்சா கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேந்து விலையே வேற ஆயிடும்.

இன்னொண்ணு, கடலோர ஊர்ல இருக்கோம். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை கடந்தப்ப ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. டிடிக்கு கூட வர்ற பவர் சப்ளைய எல்லாரும் தரைல தான் போட்டு வெப்பாங்க. அத ரிக்குலயே மேல கட்டிடு.

தேவனாம்பட்டினம் டிடி:
கஃபே அண்ணா சொன்ன வாரண்டி விஷயம் முக்கியம், அதுல மறுப்பு இல்ல. 2024ல ஃபனாடெக்கோட தாய் கம்பெனியே திவாலாகி அப்புறம் கோர்செர் வாங்குச்சு, பெரிய பேரா இருந்தாலும் கேட்டுத் தான் வாங்கணும்.

ஆனா பேச்சு பெடல் பக்கம் போயிட்டதால வீல சும்மா விட்டுட முடியாது. தம்பி, ஞாயித்துக்கிழம இங்க வா, என் வீல்ல ஓட்டிப் பாரு. லேப் அண்ணா வீட்டுக்கும் போ. ஒரே காரு, ஒரே டிராக். அப்புறம் நீயே சொல்லு.

லாஸ்பேட்டை லேப்:
தாராளமா வா. மதியம் சாப்புட்டு வந்துடு, கெர்ப் சத்தத்துக்கு வீட்ல தூங்கறவங்க எழுந்துக்கற நேரமா பாத்து வெச்சுக்கலாம்.

நெய்வேலி ஷிஃப்ட்:
ரிக் பத்தி மட்டும் பேசறேன். ஆடற டேபிள்ல எந்த வீல மாட்டுனாலும் அந்த ஆட்டத்த தான் நீ கைல வாங்குவ. அலுமினிய ப்ரொஃபைல் ரிக்கெல்லாம் இப்ப வேணாம். காயலான் கடைல பழைய மாருதி சீட்டு கிடைக்கும், தண்டவாளத்தோட கேளு, முன்ன பின்ன நகத்தற அந்த ரெயில் இல்லாம எடுத்தா அப்புறம் கஷ்டம். ஸ்கொயர் பைப்புல ஃபிரேம் அடிச்சு பெடல் தட்டுக்கு மட்டும் குறுக்குத் தாங்கல் ரெண்டு குடு. லோட் செல் போட்டா மொத்த அழுத்தமும் அந்தத் தட்டுல தான் விழும், வீல் பக்கம் இல்ல, எல்லாரும் வீல் பக்கம் தான் கனமா அடிக்கறாங்க.

கெடிலக்கரை:
ரெண்டு வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். ரொம்ப நன்றி, ரெண்டு பேர் வீட்லயும் டீ குடுத்து உக்கார வெச்சு ஓட்ட விட்டாங்க.

அசெட்டோ கோர்சா, மஸ்டா எம்எக்ஸ்5 கப் காரு, மான்ஸா. லேப் அண்ணா வீல்ல உக்காந்ததும் எல்யூடி போட்டு, போடாம, ரெண்டு மாதிரியும் காட்டுனாரு. போட்டது நல்லாவே வித்தியாசம், நேரா போறப்ப வீலு உயிரோட இருந்துச்சு. கன்ட்ரோலர விட எவ்வளவோ மேல, அதுல சந்தேகமே இல்ல. ஆனா லெஸ்மோ திருப்பத்துல பின்பக்கம் வெளிய போறப்ப நான் எதிர்த் திசைல திருப்பறதுக்குள்ள கார் சுத்திடுது. டிடி அண்ணா வீட்ல அதே இடத்துல அதே தப்பு பண்ணேன், வீலே என் கைல இருந்து உருவிக்கிட்டு எதிர்ப்பக்கம் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு, நான் விட்டுக் குடுத்துட்டு புடிச்சா போதும், கார் நேராயிடுச்சு. நிறைய தடவ அப்படித் தப்பிச்சேன். பிரேக்ல மட்டும் ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி சொதப்புனேன், அக்கா சொன்னது அங்க புரிஞ்சுது, டிடி அண்ணா பெடலும் செட்டு கூட வந்த சாதா பெடல் தான், லோட் செல் இல்ல.

லாஸ்பேட்டை லேப்:
அந்த எதிர்ப்பக்கம் திரும்பற வேகத்துல டிடி மேல தான், அத நான் மறுக்கல, கியர்ல மோட்டார் அந்தப் பல்ல எல்லாம் சுத்தி வர நேரமாகும். ஆனா கேளு, ஜிடி3 ஓட்டறப்ப டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் எல்லாம் இருக்கும், எம்எக்ஸ்5 அளவுக்கு பின்பக்கம் விளையாடாது. நீ பெரும்பாலும் ஓட்டறது எது? அதுக்குத் தான் வீலு வாங்கணும். இன்னும் சில மாசம் கன்ட்ரோலர்லயே உக்காந்திருக்கறது நஷ்டம்னு தான் நான் இப்பவும் சொல்றேன்.

தேவனாம்பட்டினம் டிடி:
டிராக்‌ஷன் கன்ட்ரோல கொறச்சு வெச்சா தான் ஜிடி3லயும் வேகம் வரும், ஈர டிராக்ல ஓட்டிப் பாத்திருக்கீங்களா அண்ணா? மழைல காம்பெடிசியோனெ ஓட்டறவனுக்கு கை தான் கண்ணு.

முத்தியால்பேட்டை அக்கா:
கையும் சரி, மழைல மொதல்ல போறது பிரேக்கிங் பாயிண்ட் தான்.

கெடிலக்கரை:
முடிவு பண்ணிட்டேன். இந்த மாசம் ரிக். ஆர்5க்கு சேத்து வாங்கறேன், இந்தியா வாரண்டி இருக்கற இடத்துல மட்டும். லோட் செல் பெடல் அதுக்கப்புறம், வரிசை கொஞ்சம் மாறுது அக்கா, மன்னிச்சுக்குங்க, எனக்கு அந்த வீலு கைய விட்டுப் போகல. அதுவரைக்கும் ஓட்டறதுக்கு லேப் அண்ணா பரண்ல கிடக்கற பழைய ஜி27 தர்றேன்னு தனியா மெசேஜ் போட்டிருக்காரு.

லாஸ்பேட்டை லேப்:
கிளட்ச் பெடல் துடிக்கும், கஃபே சொன்ன கிளீனர் வாங்கிட்டு வா. ஓட்டி முடிச்சுட்டு அப்பவும் டிடி தான் வேணும்னா வாங்கிக்க, நான் தடுக்கல.

நெய்வேலி ஷிஃப்ட்:
ரிக்குக்கு ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப்பு போதும் தம்பி. வெல்டிங் முடிஞ்சதும் அப்படியே தூக்கிட்டு வந்துடாத, மஞ்சக்குப்பம் உப்புக் காத்துக்கு ஒரு மழைக்காலத்துலயே துரு ஏறிடும். ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிக்கச் சொல்லு, பைப்போட வாய் ரெண்டு பக்கமும் மூடியான்னு பாத்து வாங்கு. வீல் தட்டுல ஓட்டை போடறத மட்டும் நிறுத்தி வெய்யி, ஜி27க்கும் ஆர்5க்கும் போல்ட் இடம் வேற வேற.