கிஜாங் எமாஸ் காசா, 916 சங்கிலியா?

பினாங்கு வாணி:
வணக்கம். மகளின் மேல்படிப்புக்கென்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியைத் தங்கமாகப் போட்டு வைக்க நினைக்கிறேன். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கிஜாங் எமாஸ் தங்கக் காசு, கால் அவுன்ஸில் தொடங்கலாமா என்று யோசனை. அம்மாவோ லிட்டில் இந்தியாவில் தெரிந்த கடையில் 916 சங்கிலியாக எடு, நாளைக்கு அவள் கழுத்தில் போட்டாலும் ஆச்சு, அவசரத்துக்கு அடகு வைத்தாலும் ஆச்சு என்கிறார். ஆறேழு வருஷத்துக்குத் தொடப் போவதில்லை. திரும்ப விற்கும்போது எது நல்லது?

செந்தூல் ரவி:
தொட மாட்டீர்கள் என்றால் காசுதான், சந்தேகமே வேண்டாம். சங்கிலிக்குக் கொடுக்கும் செய்கூலி விற்கும்போது திரும்பி வராது, 916 என்றால் 91.6 விழுக்காடுதான் தங்கம். கிஜாங் எமாஸ் 999.9, அதாவது 99.99 விழுக்காடு தங்கம். 2001-இல் வந்தது, ஒரு பக்கம் காட்டில் நிற்கும் கிஜாங் மான், மறுபக்கம் செம்பருத்தி. ஒரு அவுன்ஸ், அரை, கால் என்று மூன்று அளவு. காசில் 200, 100, 50 ரிங்கிட் என்று போட்டிருக்கும், அதற்கும் தங்கத்தின் விலைக்கும் சம்பந்தமில்லை. அன்றாட விலையை பேங்க் நெகாரா தன் இணையத்தளத்தில் போடுகிறது, அதில் இரண்டு விலை இருக்கும்: விற்பனை விலை நீங்கள் கொடுப்பது, கொள்முதல் விலை உங்கள் கைக்குத் திரும்ப வருவது. அந்த இடைவெளியைத் தாண்டி விலை ஏறினால்தான் லாபம், அதனால் வாங்குவதற்கு முன் மூன்று அளவுக்கும் அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் காசுக்கு கிராம் விலை கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனாலும் உங்களுக்குக் காலே சரி, ஏனென்றால் காலேஜ் கட்டணம் செமஸ்டர் செமஸ்டராகத்தான் வரும், ஒரு அவுன்ஸ் காசைப் பாதி வெட்டி விற்க முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
வாணிம்மா, அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதே. நம் குடும்பங்களில் ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுநாள் காலையில் பஜாக் கடைக்குத்தான், அதாவது அடகுக் கடைக்குத்தான் ஓடுகிறோம், அங்கே சங்கிலியை நிறுத்துப் பார்த்து உடனே பணம் கொடுத்து விடுவார்கள். வங்கியில் காசை விற்க அதற்கென்று உள்ள கிளைக்குப் போக வேண்டும், அதுவும் வேலை நேரத்தில். அதனால் வீட்டு அவசரத்துக்கு ஒரு சங்கிலி தனியாக இருக்கட்டும், கல் வைக்காத, வேலைப்பாடு குறைந்த சங்கிலியாகப் பார், கூலி குறையும். படிப்புப் பணத்தில் மட்டும் கை வைக்காதே, அது காசாகவே கிடக்கட்டும்.

ஜாலான் ஈப்போ வாசி:
இரண்டு பேர் சொன்னதும் சரி. அவுன்ஸ் கணக்கில் மட்டும் கவனம்: தங்கத்துக்கு ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், சமையல் தராசில் வரும் 28.35 இல்லை. கால் அவுன்ஸ் 7.78 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் பேங்க் நெகாரா வெளியிடும் நினைவுக் காசுகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அவை சேகரிப்பவர்களுக்காக அடிப்பது, தங்கத்தின் எடையைவிட மிக அதிக விலை வைப்பார்கள்.

இணையத்தில் தெரியாத ஆளிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று போகவே போகாதீர்கள். டங்ஸ்டன் கிட்டத்தட்ட தங்கத்தின் அடர்த்தியே கொண்டது, உள்ளே அதை வைத்து மேலே தங்கம் பூசினால் எடையிலும் அளவிலும் வித்தியாசம் தெரியாது, காந்தத்திலும் ஒட்டாது. கிஜாங் எமாஸை விற்பது மேபேங்க் வங்கி, ஆனால் அதன் கிளைகள் எல்லாவற்றிலும் காசு இருக்காது, குறிப்பிட்ட சிலவற்றில்தான், எனவே போன் போட்டு இருப்பு கேட்டுவிட்டுப் போங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளும் விதிகளையும் அப்போதே கேளுங்கள். ரசீதையும் காசையும் தனித்தனி இடத்தில் வையுங்கள். உறையைப் பிரித்து விரலால் தடவிப் பார்க்கும் ஆசை வரும், 24 காரட் ரொம்ப மிருதுவானது, லேசான கீறல் விழுந்தாலும் விற்கும்போது விலையில் பிடிப்பார்கள்.

பினாங்கு வாணி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, அம்மாவுக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். சங்கிலி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் இந்தப் பணம் முழுவதும் கால் அவுன்ஸ் காசுக்குத்தான். திங்கட்கிழமை கிளைக்குப் போன் பண்ணுகிறேன்.